வலிக்குதா, அழுத்துதா?

ஞானப்பல் எடுக்கப் போகிறவர்களுக்கு யாரும் முன்கூட்டியே சொல்லாத அரை மணி நேரம்

“கீழுதடு இருக்கா, போயிடுச்சா?”

டாக்டர் இப்படித்தான் கேட்டார். ஊசி போட்டு நான்கு நிமிடம் ஆகியிருந்தது. விரலால் தொட்டுப் பார்த்தேன். விரலுக்கு உதடு தெரிந்தது, உதட்டுக்கு விரல் தெரியவில்லை. பஸ்ஸில் பக்கத்து சீட்டுக்காரருடைய உதட்டைத் தொட்டுவிட்டதுபோல் ஒரு கூச்சம். முகவாயின் நடுவில் ஸ்கேல் வைத்துக் கோடு போட்டதுபோல், வலது பாதி காணாமல் போயிருந்தது. “போயிடுச்சு டாக்டர்” என்றேன். ‘டாக்டர்’ என்பது ‘தாத்தர்’ என்று வந்தது. உதவிக்கு நின்ற சிஸ்டர் மாஸ்க்குக்குள் சிரித்தது கண்ணில் தெரிந்தது.

“சரி சார், ஆரம்பிக்கிறதுக்கு முன்னாடி ரெண்டு நிமிஷம் பேசிக்குவோம்” என்று ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார் டாக்டர். நாற்பத்தைந்து வயது இருக்கும். மேற்கு மாம்பலத்தில் மாடிப்படி ஏறிப்போகிற சின்ன கிளினிக் அவருடையது.

“இந்த ஊசி, கத்தி மாதிரி குத்துற வலியைத் தடுத்துடும். ஆனா நான் தள்றது, அழுத்துறது, ஆட்டுறது எல்லாம் உங்களுக்குத் தெரியும். ஒண்ணுமே தெரியாதுன்னு நினைச்சுக்கிட்டு இருந்தீங்கன்னா பயந்துடுவீங்க. சத்தம் மண்டைக்குள்ளயே கேக்கும். ஒரு தடவை ‘படக்’குன்னு உடையுற சத்தம் வரும். அது தாடை இல்ல, பல்லு. நான்தான் உடைக்கிறேன். இதுக்கு நடுவுல சுருக்குன்னு கூர்மையா ஏதாவது தெரிஞ்சா இடது கையைத் தூக்குங்க. நிறுத்திடுவேன். ஏன் தூக்குனீங்கன்னு சண்டைக்கு வரமாட்டேன்.”

நாற்பது வயதில் நாற்காலியில் சாய்ந்துகொண்டு எனக்குக் கண் கலங்கியது. டாக்டர் அதைப் பயம் என்று நினைத்திருப்பார். எனக்கு 2014 ஞாபகம் வந்துவிட்டது.

அந்த வருடம், தென்மாவட்ட நகரம் ஒன்றில், இதே பல்லின் இடதுபக்கத்து ஜோடியை எடுத்தார்கள். அங்கே இந்த இரண்டு நிமிடம் கிடைக்கவில்லை.

வாயின் கடைசி வீட்டுக்காரர்

ஞானப்பல் என்பது மூன்றாவது கடைவாய்ப்பல். மேலே இரண்டு, கீழே இரண்டு. மற்ற பற்களெல்லாம் பள்ளிக்கூட வயதிலேயே வந்து இடம்பிடித்த பிறகு, 17 வயதுக்கும் 25 வயதுக்கும் இடையில் சாவகாசமாக வருகிறது. லத்தீன்காரர்கள் ‘ஞானத்தின் பல்’ என்று சொல்ல, அது உலகம் சுற்றி நம்மிடமும் வந்துவிட்டது. கொரியாவில் அதற்குக் காதல் பல் என்று பெயர். துருக்கியில் ‘இருபது வயதுப் பல்’ என்று கணக்காகச் சொல்கிறார்கள். ஜப்பானியர்கள் ‘பெற்றோர் அறியாப் பல்’ என்கிறார்கள்; பிள்ளை வீட்டைவிட்டுப் போன பிறகு முளைப்பதால். தாய்லாந்தில் சுருண்டு கிடக்கிற பல். என் எக்ஸ்ரேயைப் பார்த்த பிறகு, உண்மையைச் சொன்னவர்கள் தாய்லாந்துக்காரர்கள் மட்டும்தான் என்று தோன்றியது.

பச்சைக் கறியையும் கிழங்கையும் மென்று தின்ற காலத்தில் நீளமான தாடைக்கு இந்த நான்கு பற்களும் தேவைப்பட்டன. நெருப்பு வந்தது, உணவு மெத்தென்று ஆனது, தலைமுறை தலைமுறையாகத் தாடை சுருங்கியது. பல் மட்டும் பழைய அளவிலேயே நின்றுவிட்டது. ஞானப்பல் தேய்ந்து மறைந்துகொண்டிருக்கும் உறுப்பு என்று சார்லஸ் டார்வின் 1871-லேயே எழுதினார். இன்றைக்குச் சுமார் ஐந்தில் ஒருவருக்கு நான்கில் ஒன்றாவது உருவாவதே இல்லை. அவர்கள் கொடுத்துவைத்தவர்கள். இடம் இல்லாமலும் வந்தே தீருவேன் என்று கிளம்புகிற பல்தான் பிரச்சினை. பெரும்பாலும் அது முன்பக்கம் சாய்ந்து, பக்கத்துப் பல்லின் முதுகில் முட்டிக்கொண்டு நிற்கும். சிலருக்குக் கட்டிலில் படுத்ததுபோல் மல்லாந்தே கிடக்கும். என்னுடையது இந்த ரகம்.

பாதி முளைத்த பல்லின் மேல் ஈறு ஒரு மூடிபோல் தொங்கும். அந்த மூடிக்கு அடியில் சோற்றுப் பருக்கையும் கீரை நாரும் போய் உட்கார்ந்துகொள்ளும். பிரஷ் போகாது. கிருமி பெருகி, ஈறு வீங்கி, மென்றால் வலி, விழுங்கினால் வலி, காதுக்குள் வலி. கடைசியில் வாயைத் திறக்கவே முடியாது. வெந்நீரில் உப்புப் போட்டுக் கொப்பளித்தால் நான்கு நாளில் அடங்கும். இரண்டு மாதம் கழித்துத் திரும்ப வரும். உறவினர் மாதிரி.

2014-ல் நடந்தது

அன்றைக்கு எனக்கு இரண்டு விரல் அளவுக்குத்தான் வாய் திறந்தது. இடது கன்னம் வீங்கியிருந்தது. “இன்னிக்கே எடுத்துடலாம் தம்பி” என்றார் அங்கிருந்த டாக்டர். மகிழ்ச்சியாகத்தான் இருந்தது. ஊசி போட்டார். உதடு லேசாகத் தடித்தது. இடுக்கியை உள்ளே விட்டு நெம்பியபோது, பல்லிலிருந்து கண்ணுக்குப் பின்னால் வரைக்கும் ஒரு மின்னல் ஓடியது. கத்தினேன். கையை ஆட்டினேன்.

“அது பிரஷர்தான் தம்பி. வலி கிடையாது. சின்னப் பையன் மாதிரி பண்ணாதீங்க.”

இருபது நிமிடம் இதே வசனம் திரும்பத் திரும்ப வந்தது. நானும் நம்பிவிட்டேன் என்பதுதான் வேடிக்கை. இதுதான் பிரஷர் போலிருக்கிறது, நமக்குத்தான் தாங்கும் சக்தி இல்லை என்று வீட்டுக்கு வந்து, வெட்கப்பட்டு யாரிடமும் சொல்லவில்லை. வலதுபக்கப் பல் தொந்தரவு செய்ய ஆரம்பித்தபோது பத்து வருடம் அதைத் தள்ளிப்போட்டேன். அந்தப் பத்து வருடத்தில் அது பக்கத்தில் இருந்த நல்ல பல்லின் பின்பக்கத்தையும் சொத்தையாக்கிவிட்டது. அன்றைக்கு அனுபவித்தது வலிதான் என்று எனக்கு இப்போதுதான் தெரியும். ஏன் வலித்தது என்பதும் தெரியும்.

மரத்துப்போவது என்றால் என்ன?

மேல்தாடை எலும்பு ரஸ்க் மாதிரி, நுண்துளைகள் நிறைந்தது. பல்லுக்குப் பக்கத்தில் ஈறில் மருந்தைச் செலுத்தினால் ஊறிப்போய் நரம்பைத் தொட்டுவிடும். கீழ்த்தாடை எலும்பு தேக்குக் கட்டை. அங்கே மருந்து ஊறாது. அதனால் நரம்பு எலும்புக்குள் நுழைகிற வாசலுக்கே போய் அதை மறிக்க வேண்டும். அந்த வாசல், கீழ்த்தாடையின் பின்பகுதி மேல்நோக்கித் திரும்புகிறதே, அதன் உட்புறத்தில் இருக்கிறது. டாக்டர் கட்டைவிரலை வாய்க்குள் வைத்து எலும்பின் விளிம்பைத் தடவிப் பார்த்து, நீளமான ஊசியை இரண்டு, இரண்டரை சென்டிமீட்டர் உள்ளே செலுத்துகிறார். கண்ணால் பார்க்க முடியாத இடத்துக்குக் கைப்பழக்கத்தில் போகிற ஊசி இது. கைதேர்ந்தவர்களுக்கே சில சமயம் முதல் முயற்சியில் பலிக்காது. அது அவர்கள் திறமைக் குறைவு அல்ல. ஒவ்வொரு தாடையும் ஒவ்வொரு மாதிரி.

அந்த நரம்பு தாடை எலும்புக்குள் சுரங்கப்பாதையில் ஓடி, எல்லாப் பற்களுக்கும் கிளை கொடுத்துவிட்டு, கடைசியில் வெளியே வந்து கீழுதட்டிலும் முகவாயிலும் முடிகிறது. பல் கடைசியில் இருக்க, உதட்டைப் பற்றி டாக்டர் விசாரித்தது அதனால்தான். உதடு போய்விட்டால் வழியில் உள்ள பற்களும் பெரும்பாலும் போய்விட்டன என்று அர்த்தம். 2014-ல் என் உதடு முழுதாகப் போகவே இல்லை. யாரும் கேட்கவும் இல்லை.

உள்ளே போகிற மருந்து லிக்னோகைன். நம் ஊர் ஆஸ்பத்திரிகளில் சைலோகைன் என்றால் எல்லோருக்கும் தெரியும். கையில் ஒரு பொட்டு ஊசி போட்டு ‘டெஸ்ட் டோஸ்’ பார்ப்பார்களே, அதுதான். ஸ்வீடனில் 1943-ல் நில்ஸ் லோஃப்கிரென் இதை உருவாக்கினார். அவருடைய சகா பெங்ட் லுண்ட்க்விஸ்ட், சோதித்துப் பார்க்கத் தன் உடம்பையே கொடுத்தார். 1948-ல் விற்பனைக்கு வந்தது. வேருக்குப் போனால் கதை இன்னும் ருசியானது. ஹோல்கர் எர்ட்மன் என்ற வேதியியலாளர் தான் தயாரித்த ஒரு பொருளை நாக்கில் வைத்து ருசி பார்த்தார். நாக்கு மரத்துப்போனது. ஆய்வகத்தில் எதையும் நக்கிப் பார்க்காதே என்று மாணவர்களுக்குச் சொல்கிறோம். அவர் அந்த ஒழுக்கத்தைக் கடைப்பிடித்திருந்தால் நமக்கு இந்த மருந்து எப்போது கிடைத்திருக்குமோ!

அதற்கும் முந்திய மருந்து கொக்கைன். 1884-ல் வியன்னாவில் கார்ல் கோலர் அதைக் கண் அறுவை சிகிச்சைக்குப் பயன்படுத்திக் காட்டினார். சில மாதங்களுக்குள் நியூயார்க்கில் வில்லியம் ஹால்ஸ்டெட், என் டாக்டர் மறித்த அதே தாடை நரம்பைக் கொக்கைனால் மறித்துக் காட்டினார். தன் மேலேயே சோதனை செய்து செய்து, அந்த மாபெரும் அறுவை நிபுணர் கொக்கைனுக்கு அடிமையானார். பிறகு மார்ஃபினுக்கு. 20-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஆல்ஃபிரட் ஐன்ஹார்ன் உருவாக்கிய நோவோகைன் வந்த பிறகுதான், போதை ஏற்றாமல் மரக்கவைக்கும் மருந்து பல் மருத்துவருக்குக் கிடைத்தது.

நம் பக்கத்தில் அந்தக் காலத்தில் என்ன செய்தார்கள்? கண்டங்கத்தரி விதையைத் தணலில் போட்டுப் புகையை வாயில் பிடித்து, ‘பல் பூச்சி’ விழுவதாக நம்பினார்கள். கிராம்பைக் கடித்தார்கள். ஊர் நாவிதர் குறடு வைத்து இழுத்தார். பிறகு ‘சைனீஸ் டென்டிஸ்ட்’ என்று போர்டு மாட்டிய சீனக் குடும்பங்கள் சென்னையிலும் தமிழ்நாட்டின் பிற ஊர்களிலும் கடை திறந்தார்கள். இரண்டு மூன்று தலைமுறையாக இங்கேயே தொழில் செய்து, நம்மைவிட நன்றாகத் தமிழ் பேசினார்கள். 1953-ல் சென்னை மருத்துவக் கல்லூரியின் பல் பிரிவாகத் தொடங்கியதுதான், கோட்டை ரயில் நிலையத்துக்கு எதிரே இருக்கும் இன்றைய அரசு பல் மருத்துவக் கல்லூரி.

லிக்னோகைன் செய்கிற வேலை எளிமையானது. நரம்பு இழையின் சுவரில் சோடியம் நுழையும் வாசல்கள் உண்டு. அவை திறந்தால்தான் ‘வலிக்கிறது’ என்ற தந்தி மூளைக்குப் போகும். மருந்து அந்த வாசல்களை உட்புறமிருந்து அடைக்கிறது. உட்புறம் போக அது முதலில் சுவரைக் கடக்க வேண்டும். சீழ் பிடித்து வீங்கிய இடத்தில் அமிலத்தன்மை அதிகம். அமிலச் சூழலில் மருந்தின் பெரும்பகுதி சுவரைக் கடக்க முடியாத வடிவத்துக்கு மாறிவிடுகிறது. இருக்கிற கொஞ்சமும் போதாது. வீக்கத்தில் இருக்கும் நரம்பு ஏற்கெனவே வெறி பிடித்துக் கிடக்கிறது. 2014-ல் எனக்கு நடந்தது இதுவாகத்தான் இருக்க வேண்டும். வீக்கத்தை மருந்தால் அடக்கிவிட்டு, ஒரு வாரம் கழித்து எடுத்திருக்கலாம். நெம்பும்போது கத்தினேனே, அப்போதாவது நிறுத்தி இன்னொரு ஊசி போட்டிருக்கலாம்.

சரியாக மரத்துப்போன தாடையிலும் அழுத்தம் ஏன் தெரிகிறது? வலியைக் கொண்டுபோகும் இழைகள் மெல்லியவை. மருந்துக்கு முதலில் பணிகிறவை அவைதான். தொடுதலையும் அழுத்தத்தையும் சொல்கிற இழைகள் தடிமனானவை, அவ்வளவு லேசில் மசியாது. தவிர, டாக்டர் நெம்பும்போது தாடை முழுவதும் அசைகிறது. காதுக்குப் பக்கத்தில் இருக்கும் தாடை மூட்டு இழுபடுகிறது. அங்கெல்லாம் ஊசி போடவே இல்லை.

ஆக இரண்டும் உண்மை. நோயாளி அழுத்தத்தை வலி என்று நினைத்து அலறுவதும் நடக்கிறது. டாக்டர் வலியை அழுத்தம் என்று சொல்லித் தட்டிக்கழிப்பதும் நடக்கிறது. பிரித்துச் சொல்லக்கூடிய ஒரே ஆள் நாற்காலியில் படுத்திருக்கிறவர். அவர் விழித்திருப்பது அதற்காகத்தான் என்பேன். முழு மயக்கத்தில் இருப்பவரால் கையைத் தூக்க முடியாது.

அந்த அரை மணி நேரம்

ஊசியைப் பற்றி முதலில் சொல்லிவிடுகிறேன், எல்லோருக்கும் அதுதான் பயம். குத்துவதற்கு முன் பஞ்சில் மரப்பு மருந்து தடவினார். குத்தும்போது கன்னத்தைப் பிடித்துக் குலுக்கினார். குழந்தைக்கு அடிபட்ட இடத்தைப் பாட்டி தேய்த்துவிடுவாளே, அதே சூத்திரம். தொடு உணர்வு வலி உணர்வுக்குக் கதவைச் சாத்துகிறது என்று 1965-ல் மெல்சாக்கும் வாலும் கோட்பாடாகவே எழுதினார்கள். மருந்து இறங்கும்போது எரிந்தது. நெஞ்சு ஒரு நிமிடம் படபடவென்று அடித்தது. “அது அட்ரினலின் சார், மருந்தோட கலந்திருக்கு. இப்ப அடங்கிடும்” என்றார். 80,000 பங்குக்கு ஒரு பங்குதான் சேர்க்கிறார்கள். ரத்தக்குழாய்களைச் சுருக்கி, மருந்தை அங்கேயே நிறுத்திவைக்கவும் ரத்தத்தைக் குறைக்கவும் அது வேண்டும். சொல்லாமல் விட்டிருந்தால் மாரடைப்பு என்றே நினைத்திருப்பேன்.

காலையில் இட்லி சாப்பிட்டு வரச் சொல்லியிருந்தார்கள். முழு மயக்கம் கொடுத்துச் செய்யும் ஆபரேஷனுக்கு வெறும் வயிறு வேண்டும், இதற்கு நேர்மாறு. பசியும் பயமும் சேர்ந்தால்தான் நாற்காலியில் மயக்கம் போட்டு விழுகிறார்கள்.

பச்சைத் துணியை முகத்தில் போட்டார்கள், வாய்க்கு மட்டும் ஓட்டை. கண் மூடியதும் காது பெரிதாகிவிடுகிறது. கத்தியால் ஈறைக் கீறியது தெரியவே இல்லை. உதட்டோரம் வெதுவெதுப்பாக ஏதோ வழிந்ததை வைத்துத்தான் ஊகித்தேன். அடுத்து மைக்ரோமோட்டார். எலும்பின் ஓரத்தில் பல்லைச் சுற்றி வாய்க்கால் வெட்டுகிறார்கள். அந்தச் சத்தம் காற்று வழியாக மட்டும் காதுக்கு வருவதில்லை, எலும்பு வழியாக நேராக உள்காதுக்கும் போகிறது. அடுத்த வீட்டில் டைல்ஸ் அறுப்பதைக் கேட்டிருப்பீர்கள். அடுத்த வீடு உங்கள் தலையாக இருந்தால் எப்படி, அப்படி. கூடவே ஒரு வாடை. நகம் கருகுகிற மாதிரி. சிஸ்டர் இடைவிடாமல் சலைன் ஊற்றிக்கொண்டே இருந்தார். எலும்பு 47 டிகிரிக்கு ஒரு நிமிடம் சூடானாலே செத்துப்போகும். குளிரவைக்கத்தான் அந்தத் தண்ணீர். அது தொண்டையில் தேங்கி, ‘மூழ்கிவிடுவோமோ’ என்று ஒரு பயம் வந்தது. மூக்கால் மூச்சு விடு என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். வரவேற்பறை எஃப்.எம்.மில் இளையராஜா ஓடிக்கொண்டிருந்தார். வயலின் வரும்போதெல்லாம் மோட்டார் குறுக்கே வந்தது.

“இப்ப சத்தம் வரும் சார்.”

படக்.

சொல்லியிருந்தும் உடம்பு தூக்கிப்போட்டது. மண்டை ஓடு பிளந்த மாதிரி ஒரு சத்தம், ஆனால் வலி துளியும் இல்லை. படுத்துக் கிடந்த பல்லின் தலையைத் தனியாக அறுத்து எடுத்துவிட்டால், வேரை அந்தக் காலி இடத்துக்குள் உருட்டி வெளியே எடுக்கலாம். முழுப் பல்லாக எடுக்க வேண்டுமென்றால் இன்னும் நிறைய எலும்பை வெட்ட வேண்டியிருக்கும்.

வேரை நெம்பும்போது ஒரு கணம் சுருக்கென்றது. இடது கை தானாக மேலே போனது. மோட்டார் சத்தம், பேச்சு, கை எல்லாம் நின்றன. “வலிக்குதா, அழுத்துதா?” என்று கேட்டார். துணிக்கு அடியிலிருந்து “வயி” என்றேன். “சரி” என்று பல் குழியின் ஓரத்தில் இன்னும் கொஞ்சம் மருந்து போட்டார். ஒரு நிமிடம் காத்திருந்தார். மறுபடி தொட்டபோது அழுத்தம் மட்டும்தான் இருந்தது. தாடையைக் கீழிருந்து சிஸ்டர் தாங்கிப் பிடித்துக்கொள்ள, வண்டிக்கு அடியில் ஜாக்கி வைத்துத் தூக்குவதுபோல் ஏதோ ஏறியது, ஏறியது, சட்டென்று காலியானது.

“முடிஞ்சுது சார். தையல் மட்டும்தான்.”

இதற்காகவா பத்து வருடம் பயந்தேன்? ஆமாம், இதற்காகத்தான். கருப்பு நூல் உதட்டின் மேல் இழுபடுவது தெரிந்தது. மூன்று தையல். பல்லை ஒரு கிண்ணத்தில் போட்டுக் காட்டினார்கள். இரண்டு துண்டு, வேர்நுனி கொக்கியாக வளைந்திருந்தது. அம்மா பார்க்க வேண்டும் என்று கேட்டு வாங்கிவந்தேன். அம்மா, “கூரை மேல எறிஞ்சிடுறா” என்றாள். எங்களுடையது மூன்றாவது மாடி ஃபிளாட்.

வீட்டுக்கு வந்த பிறகு

உண்மையான வலி மருந்தின் வேகம் இறங்கிய பிறகுதான். மூன்று நான்கு மணி நேரத்தில் உதடு எறும்பு ஊர்கிறமாதிரி திரும்பி வரும். அதற்கு முன்பே வலி மாத்திரையைப் போட்டுவிடுங்கள் என்பார்கள், நானும் போட்டேன். ஒரு தகவல்: உலகத்தில் புதிதாக ஒரு வலி மாத்திரை வந்தால், அது வேலை செய்கிறதா என்று பார்க்கப் பல சமயம் ஞானப்பல் எடுத்தவர்களிடம்தான் கொடுத்துப் பார்க்கிறார்கள். ஆரோக்கியமான இளைஞர்கள், ஒரே மாதிரியான காயம், எப்போது தொடங்கும் என்று தெரிந்த வலி. ஆராய்ச்சிக்கு இதைவிட வசதி கிடைக்காது. பாராசிட்டமாலைவிட ஐபுப்ரூஃபன் இந்த வலிக்கு நன்றாகக் கேட்கிறது, இரண்டையும் சேர்த்தால் இன்னும் நன்றாகக் கேட்கிறது என்று காக்ரேன் அமைப்பின் 2013 அறிக்கை சொல்கிறது. வயிற்றுப் புண், சிறுநீரகக் கோளாறு, ஆஸ்துமா உள்ளவர்கள் டாக்டரைக் கேட்காமல் ஐபுப்ரூஃபன் தொடக்கூடாது.

மரத்துப்போன உதட்டைச் சும்மா கடித்துப் பார்க்காதீர்கள். புண்ணாகிவிடும், உங்களுக்கே தெரியாது. முதல் நாள் சூடாக எதுவும் வேண்டாம், எங்கள் வீட்டில் டம்ளர் டம்ளராக வந்த ரசத்தை ஆறவைத்தே குடித்தேன். எச்சில் துப்பக்கூடாது, விழுங்க வேண்டும். ஸ்ட்ரா போட்டு உறிஞ்சவே கூடாது. இளநீர் என்றால் டம்ளரில் ஊற்றிக் குடியுங்கள். புகைப்பவர்கள் தயவுசெய்து சில நாளாவது நிறுத்துங்கள். குழியில் உறைந்து நிற்கிற ரத்தக்கட்டிதான் எலும்புக்குப் போர்வை. உறிஞ்சினால், துப்பினால், புகைத்தால் போர்வை விலகும். மூன்றாம் நாளோ நான்காம் நாளோ, ஆறிவருகிறது என்று நினைக்கும்போது, காது வரைக்கும் தெறிக்கிற வலியும் துர்நாற்றமும் வந்தால் அதுதான் ‘டிரை சாக்கெட்’. பொறுத்துக்கொண்டு கிடக்காமல் டாக்டரிடம் ஓடுங்கள். குழியைக் கழுவி மருந்துத் திரி வைப்பார்கள்; சில நிமிடங்களில் வலி இறங்கும். அந்தத் திரியில் இருக்கிற சரக்கு யூஜினால். கிராம்பு எண்ணெயின் சாரம். பாட்டி கடிக்கச் சொன்ன கிராம்பு ஒன்றும் மூடநம்பிக்கை இல்லை. ஆனால் பச்சைக் காயத்தில் நீங்களாக எண்ணெயை ஊற்றினால் திசு வெந்துவிடும்.

வீக்கம் இரண்டு மூன்று நாள் ஏறிவிட்டுத்தான் இறங்கும். அதற்குப் பிறகும் ஏறினால், காய்ச்சல் வந்தால், எச்சில் விழுங்கவோ மூச்சு விடவோ சிரமமாக இருந்தால், நாக்குக்கு அடியில் கட்டையாக வீங்கினால் வீட்டில் இருக்கக்கூடாது. நேராகப் பெரிய ஆஸ்பத்திரி. கழுத்துப் பக்கம் இறங்குகிற சீழ் உயிருக்கே ஆபத்து.

எடுக்கத்தான் வேண்டுமா?

எடுப்பதற்கு முன் முழுத் தாடைக்கும் ஓ.பி.ஜி. எக்ஸ்ரே எடுப்பார்கள். நான் சொன்ன சுரங்கப்பாதை நரம்பு சிலருக்குப் பல்வேரை ஒட்டியே ஓடும். அந்த இடத்தில் வேர் கருத்துத் தெரிந்தால், பாதையின் வெள்ளைக்கோடு மறைந்தால் டாக்டர் யோசிக்கத் தொடங்குவார். நரம்பு நசுங்கினால் கீழுதடு வாரக்கணக்கில், மாதக்கணக்கில் மரத்தே இருக்கலாம். நிரந்தரமாகப் போவது மிக அரிது, நூற்றில் ஒருவருக்கும் குறைவு. ஆனால் அந்த ஒருவர் நீங்களானால் எண்ணிக்கையில் ஆறுதல் இல்லை. அதனால் கையெழுத்து வாங்கும் தாளைப் படியுங்கள். நரம்பு மிக நெருக்கமாக இருந்தால் முப்பரிமாண ஸ்கேன் எடுப்பதும், பல்லின் தலையை மட்டும் வெட்டிவிட்டு வேரை உள்ளேயே விட்டுவிடுவதும் வழக்கத்தில் உண்டு. ரத்தம் உறையாமலிருக்கச் சாப்பிடும் மாத்திரை, எலும்புத் தேய்வுக்குப் போடும் ஊசி, சர்க்கரை, இதயக் கோளாறு, கர்ப்பம் எல்லாவற்றையும் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். ஆஸ்பிரினை நீங்களாக நிறுத்திவிட்டும் போகாதீர்கள்.

அமெரிக்காவில் பெரும்பாலும் தூங்கவைத்து நான்கையும் ஒரே நாளில் எடுத்துவிடுகிறார்கள். கல்லூரிக்குப் போவதற்கு முன் அது ஒரு சடங்கு மாதிரி. நேர் எதிராக, தொந்தரவு தராத ஞானப்பல்லை முன்னெச்சரிக்கை என்ற பெயரில் எடுக்கக்கூடாது என்று இங்கிலாந்தின் நைஸ் அமைப்பு 2000-ல் வழிகாட்டுதல் வெளியிட்டது. எனக்குப் பிரிட்டிஷ் வழிதான் சரியாகப் படுகிறது. நம் ஊரில் அதிகம் நடப்பதும் இதுதான்: தொந்தரவு தருகிற பல்லை மட்டும், விழித்திருக்கும்போதே. நாற்காலியைப் பார்த்தாலே உடம்பு நடுங்குகிறவர்கள், ரொம்ப ஆழத்தில் புதைந்த பல் உள்ளவர்கள், ஒத்துழைக்க இயலாதவர்கள் இவர்களுக்கு முழு மயக்கம் தேவைப்படலாம். அதில் வெட்கப்பட ஒன்றும் இல்லை. மற்றவர்களுக்கு அந்தச் செலவும் மயக்க மருந்தின் கூடுதல் ஆபத்தும் எதற்கு?

என் மேல்வரிசை ஞானப்பற்கள் இரண்டும் பத்திரமாக இருக்கின்றன. ஏழாம் நாள் தையல் பிரித்தபோது கேட்டேன். “நேரா முளைச்சிருக்கு, சொத்தை இல்ல, கன்னத்தைக் கடிக்கல. அது பாட்டுக்கு இருக்கட்டும் சார். வருஷத்துக்கு ஒருதடவை வந்து காட்டுங்க” என்றார் டாக்டர்.

உங்களுக்குத் தேதி குறித்திருந்தால் காலையில் சாப்பிட்டுவிட்டுப் போங்கள். நாற்காலியில் ஏறுவதற்கு முன் ஒரு கேள்வி கேளுங்கள்: “நான் கையைத் தூக்கினா நிறுத்துவீங்களா?” நிறுத்துவேன் என்று சொல்லாதவரிடம் வாயைத் திறக்காதீர்கள்.